முறுக்கிக்கொண்டு போகும் பந்து

திருப்பூரில் யாரிடமாவது 'கோல்ஃப்' என்று சொல்லிப் பாருங்கள். "எத்தனை பீஸுங்க? எந்த பையர்?" என்றுதான் கேட்பார்கள். எங்கள் ஊருக்கு கோல்ஃப் ஒரு விளையாட்டு அல்ல, ஓர் ஆர்டர். பிக்கே துணியில் காலர் வைத்து, பட்டன் பட்டி தைத்து, அட்டைப்பெட்டியில் அடைத்துத் தூத்துக்குடி துறைமுகத்துக்கு அனுப்ப வேண்டிய சரக்கு. எங்கெங்கோ புல்வெளிகளில் நின்று குச்சியை வீசுகிறவர்களின் முதுகில் எங்கள் ஊர்த் தையல் இருக்கிறது. ஆனால், அந்தக் குச்சியைக் கையில் பிடித்தவர்களை அவிநாசி ரோட்டிலிருந்து பல்லடம் ரோடு வரை தேடிச் சேர்த்தாலும் ஒரு வேனில் அடக்கிவிடலாம்.

அந்த வேனில் ஓர் இருக்கை என்னுடையது. வயது 54. சின்ன பனியன் கம்பெனி, 40 மெஷின். ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே கிளம்பி, பல்லடம் வழியாகச் செட்டிபாளையம் போய்விடுவேன். கார் ரேஸ் நடக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறதே, அதே செட்டிபாளையம்தான். அங்கேதான் கோயம்புத்தூர் கோல்ஃப் கிளப்பின் 18 குழி மைதானம். நண்பர் ஒருவரின் விருந்தாளியாக முதலில் போய், எட்டு வருடத்தில் அந்தப் புல்வெளியே கதி என்றாகிவிட்டது. நொய்யல் ஊர்க்காரனுக்கு எங்கே பச்சைப் புல்லைப் பார்த்தாலும் முதலில் தண்ணீர்க் கணக்குதான் மனதில் ஓடும். 2011-ல் சாயப்பட்டறைகளை உயர் நீதிமன்றம் மூடச் சொன்னபோது ஊரே ஸ்தம்பித்து நின்றதைப் பார்த்தவன் நான். அந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டேதான் விளையாடுகிறேன். விளையாடாமலும் இருக்க முடியவில்லை.

போன சித்திரையில் இடுப்பு பிடித்துக்கொண்டது. காரிலிருந்து இறங்க முடியவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். கோவையில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். கீழ் முதுகில் இரண்டு எலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை பிதுங்கியிருக்கிறது.

"என்ன வேலை பார்க்கறீங்க?"

"பனியன் கம்பெனிங்க."

"உட்கார்ந்தேதானே? சரி. விளையாட்டு?"

சொன்னேன். எழுந்து நின்று எப்படி வீசுவேன் என்று காட்டச் சொன்னார். அவருடைய குடையை வாங்கி வீசிக் காட்டினேன். பாதியிலேயே, "போதும், போதும்" என்றார். "ரெண்டுல ஒண்ணு பண்ணுங்க. இந்த வீச்சை மாத்துங்க. இல்லைன்னா விளையாட்டை விட்டுடுங்க. ஆறு மாசம் டைம் தர்றேன். இப்படியே போனா அடுத்து நாம ஆபரேஷன் பத்திதான் பேசணும்."

வீட்டம்மாவுக்கு இரண்டாவது யோசனை ரொம்பப் பிடித்திருந்தது. எனக்கோ ஞாயிறு காலை இல்லாத வாரத்தை நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஷிப்மென்ட், நூல் விலை, டையிங்கில் தாமதம், பேங்க் என்று ஆறு நாளும் அடுத்தவர் கையில் இருக்கும் கயிறுகள்தான். அந்த நாலு மணி நேரத்தில் மட்டும்தான் என்ன நடந்தாலும் அது என் கையால் நடந்தது. அதை விடுவதற்கு முன் ஆறு மாதத்தையும் முழுசாகச் செலவழித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

விளையாட்டைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பந்து எலுமிச்சம்பழ அளவு: குறுக்களவு சுமார் 43 மில்லி மீட்டர், எடை 46 கிராமுக்குள். அது விழ வேண்டிய குழி 108 மில்லி மீட்டர் அகலம். உள்ளங்கையை விரித்து வைத்தால் மூடிவிடலாம். அந்தக் குழி நானூறு யார்டு தள்ளி இருக்கும். பையில் அதிகபட்சம் 14 குச்சிகள் வைத்துக்கொள்ளலாம். குச்சியை 'கிளப்' என்பார்கள். வீசும்போது கிளப்பின் முகமும் பந்தும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம், ஒரு விநாடியை இரண்டாயிரமாகப் பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு. அந்த ஒரு பங்கு நேரத்தில் கிளப்பின் முகம் 2 டிகிரி வலது பக்கம் திரும்பியிருந்தாலே 200 யார்டு தூரத்தில் பந்து 7 யார்டு விலகியிருக்கும். வளைவு தனிக் கணக்கு.

என் பந்துக்கு வளைவுதான் பிரச்னை. நேராகக் கிளம்புவதுபோல் கிளம்பும். பாதி தூரத்தில் ஏதோ ஞாபகம் வந்ததுபோல் வலது பக்கம் திரும்பி, வாழைப்பழ வடிவத்தில் வளைந்து மரங்களுக்குள் போய் விழும். இதற்கு 'ஸ்லைஸ்' என்று பெயர். பொழுதுபோக்காக விளையாடும் வலக்கைக்காரர்களிடம் இதைவிடப் பரவலான வியாதி கிடையாது. வாரம் ஒருநாள் விளையாடுகிறவர்களில் பாதிப்பேரின் பந்து ஒரே பக்கத்து மரத்தடியில்தான் கிடக்கும். அங்கே மேயும் மயில்களுக்கு எங்களையெல்லாம் நன்றாகத் தெரியும்.

ஸ்லைஸ் அடிப்பவனுக்குக் கிடைக்கும் அறிவுரைக்குப் பஞ்சமே இல்லை. ஜலதோஷம் பிடித்தவனுக்கு வீட்டுக்கு வீடு கஷாயம் சொல்வார்களே, அப்படி. "மெதுவா வீசுங்க." "தைரியமா வீசுங்க." "வலது முழங்கையை ஒட்டி வையுங்க." "காலை அகட்டி நில்லுங்க." "கைப்பிடி இறுக்கம்." "கைப்பிடி தளர்ச்சி." நண்பர் ஒருவர், டையிங் யூனிட் வைத்திருப்பவர், அறிவுரை எதையும் நம்பாமல் அறுபதாயிரம் ரூபாய்க்குப் புது டிரைவர் வாங்கினார். டிரைவர் என்றால் பந்தை அதிக தூரம் அனுப்பும் பெரிய கிளப். இப்போது அவருடைய பந்து முன்பைவிட 20 யார்டு கூடுதலாகப் போய்க் காட்டில் விழுகிறது.

அறிவுரைகளிலேயே பிரபலமானது, "தலையைத் தூக்காதீங்க!" பந்தை அடிக்கும் முன்பே அது எங்கே போகிறது என்று நிமிர்ந்து பார்ப்பதால்தான் எல்லாம் கெடுகிறது என்பது மைதானத்தில் எல்லோருக்கும் பொதுவான நம்பிக்கை. ஆனால், பெண்கள் கோல்ஃபில் உச்சத்தில் இருந்த ஸ்வீடனின் அன்னிகா சோரன்ஸ்டாமின் பழைய வீடியோக்களைப் பாருங்கள். கிளப் பந்தைத் தொடும் முன்பே அவர் முகம் இலக்கை நோக்கித் திரும்பத் தொடங்கிவிடும். அமெரிக்காவின் டேவிட் டுவாலும் அப்படித்தான். இருவருமே உலகின் முதலிடத்தில் இருந்தவர்கள். உடம்பு எழுந்துவிட்டால் தலை தானாக எழும். தலையைப் பிடித்து அமுக்கினால் உடம்பு உட்காராது. காய்ச்சலுக்குத் தர்மாமீட்டரை உதறுகிற வைத்தியம் அது.

எனக்கு வழி காட்டியவர் ஒரு கேடி. கிளப் பையைச் சுமந்து கூடவே நடந்து, பந்து எங்கே விழுந்தது என்று பார்த்துச் சொல்பவர்களைக் கேடி என்போம். இவருக்கு வயது அறுபதுக்கு மேல். நான் "அண்ணா" என்பேன். அவர் என்னை "சார்" என்பார். பலமுறை சொல்லியும் மாற்றவில்லை. பெயரைப் போடட்டுமா என்று கேட்டதற்கு, "வேண்டாமுங்க, மத்த பசங்க ஓட்டித் தள்ளிருவானுங்க" என்றுவிட்டார்.

கேடிகளின் கண்ணுக்கு எனக்குத் தெரிந்து ஈடில்லை. ஆயிரக்கணக்கான வீச்சுகளைப் பக்கத்தில் நின்று பார்த்த கண் அது. டெல்லியில் கேடியாக இருந்த அலி ஷேர்தான் 1991-ல் இந்தியன் ஓப்பன் பட்டத்தை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர். பெங்களூரு பக்கத்தில் கேடியாகத் தொடங்கிய சிக்கரங்கப்பா இன்று நாடறிந்த ஆட்டக்காரர். பையைத் தூக்கும் கைகளுக்கும் கிளப்பைப் பிடிக்கும் கைகளுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பது எங்கள் மைதானங்களில் யாரும் உரக்கப் பேசாத விஷயம்.

டாக்டரைப் பார்த்து வந்த பிறகு, ஓய்வெல்லாம் முடிந்து முதல்முறை மைதானத்துக்குப் போனபோது அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். "மெதுவா ஒண்ணு அடிங்க பாக்கலாம்" என்று 7-ஆம் நம்பர் அயர்னை எடுத்துக் கொடுத்தார். அடித்தேன். வழக்கம்போல் வலது பக்கம். என் கண் பந்தின் பின்னாலேயே போனது.

"பந்தைப் பாக்காதீங் சார். மண்ணைப் பாருங்க."

பந்து இருந்த இடத்துக்கு முன்னால் புல் ஒரு சாண் நீளத்துக்குப் பெயர்ந்திருந்தது. அந்தப் பெயர்ந்த தடம் ஓர் அம்புக்குறி. அது காட்டிய திசை இடது பக்கம்!

"பந்து போறது சோத்தாங்கைப் பக்கம். கோடு இழுத்துருக்கறது பீச்சாங்கைப் பக்கம். பாத்தீங்களா?" என்றார். "வெளியில இருந்து உள்ளுக்கு அறுக்கறீங்க. தேங்காய் மட்டை சீவற மாதிரி. பந்து வழுக்கிட்டுச் சுத்தாம என்ன பண்ணும்?"

அந்த நிமிடம் எனக்கு ஞாபகம் வந்தது கோல்ஃப் அல்ல, சிங்கிள் ஜெர்சி டி-ஷர்ட்.

பின்னலாடைத் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்லாமலே புரியும். மற்றவர்களுக்காக: ஒரு டி-ஷர்ட்டைத் தைத்து, அயர்ன் பண்ணி, மடித்து வைக்கும் வரை லட்சணமாக இருக்கும். ஒருமுறை துவைத்துக் காயப்போட்டால் இடுப்போரம் இருந்த பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு வயிற்றுக்கு நடுவே வந்து நிற்கும். உங்கள் வீட்டு அலமாரியிலும் இப்படி ஒன்று கண்டிப்பாக இருக்கும். 'ஸ்பைராலிட்டி' என்பது இதன் பெயர். வேலைக்குப் புதிதாக வரும் மெர்ச்சன்டைசர் பையன் முதலில் டெய்லரிடம்தான் சண்டைக்குப் போவான். தையல்தானே கோணலாக இருக்கிறது? ஆனால், டெய்லர் நேராகத்தான் தைத்தார். நூலில் முறுக்கு அதிகம். நிட்டிங் மெஷினில் நூல் ஊட்டும் ஃபீடர்கள் அதிகமாக ஆக, வட்டமாகப் பின்னும்போதே துணியின் வரிசை சாயும். அங்கே பிறந்த வினை, அயர்ன் சூட்டில் அடங்கிக் கிடந்து, தண்ணீர் பட்டதும் தையலில் தலைகாட்டுகிறது. டெய்லரைத் திட்டி, தையலை இழுத்துப் பிடித்துத் தைக்கச் சொன்னால் கோணல் அதிகமாகும். மாற்ற வேண்டியது நூலிலும் நிட்டிங்கிலும்.

பந்தும் அப்படித்தான். அதன் வளைவு, துவைத்த பிறகு தெரியும் தையல். வினை அதற்கு முன்னால் எங்கோ இருக்கிறது.

எங்கே? இதில் கோல்ஃப் உலகமே நெடுங்காலம் வேறு மாதிரி நினைத்துக்கொண்டிருந்தது. கிளப் எந்தப் பாதையில் வீசப்படுகிறதோ அந்தத் திசையில்தான் பந்து கிளம்பும். பிறகு கிளப்பின் முகம் திரும்பியிருக்கும் பக்கம் வளையும் என்று பாடம் நடத்தினார்கள். ரேடார் கருவிகள் வந்து ஒவ்வோர் அடியையும் அளந்த பிறகு பாடம் மாறியது. பந்து கிளம்பும் திசையைப் பெருமளவு முடிவு செய்வது கிளப்பின் முகம். பாதைக்கும் முகத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் வளைவு. பாதை இடது பக்கம் இழுக்க, முகம் அதைவிட வலது பக்கம் பார்த்தால் பந்து அந்த முரண்பாட்டைச் சுழற்சியாக வாங்கிக்கொள்ளும். குட்டையான, சாய்ந்த முகமுள்ள கிளப்பில் இந்தச் சுழற்சி அவ்வளவாகத் தெரியாது. முகம் செங்குத்தாக நிற்கும் டிரைவரில் அப்பட்டமாகத் தெரியும். அதனால்தான் பலருக்கு 'அயர்ன் நல்லா வருது, டிரைவர்தான் வரல' என்று தோன்றுகிறது. வினை இரண்டிலும் ஒன்றேதான்.

இதில் ஒரு பொல்லாத வேடிக்கையும் இருக்கிறது. பந்து வலது பக்கம் போகிறதா, மனிதன் என்ன செய்வான்? கொஞ்சம் இடது பக்கம் திரும்பி நின்று அடிப்பான். கண்ணும் கையும் தாமாகச் செய்யும் சமாதானம் அது. யாரும் சொல்லித்தர வேண்டாம். திரும்பி நிற்க நிற்க, பாதை இன்னும் இடது பக்கம் சாயும். முகத்துக்கும் பாதைக்கும் வித்தியாசம் கூடும். பந்து இன்னும் அதிகமாக வலது பக்கம் வளையும். மறுபடி இன்னும் கொஞ்சம் இடது பக்கம்... இப்படியே போய் இலக்குக்கு முதுகைக் காட்டாத குறையாக நிற்பவர்களை எந்த மைதானத்திலும் பார்க்கலாம்.

அண்ணன் முதலில் கைப்பிடியைத் தொட்டார். "குனிஞ்சு பாத்தா பீச்சாங்கையில எத்தனை முட்டி தெரியுது?" ஒன்று தெரிந்தது. இரண்டு, இரண்டரை முட்டி தெரியும்வரை கையைத் திருப்பி வைத்தார். அவ்வளவுதான். கால் அங்குலம்கூட இருக்காது. ஆனால், கிளப்பை யாரோ மாற்றிக் கொடுத்துவிட்டதுபோல் அந்நியமாக இருந்தது. வேறொருவர் பேனாவில் கையெழுத்துப் போடுவதுபோல. அந்த மாற்றத்துக்கு மட்டும் மூன்று வாரம். "இன்னொண்ணு சொல்லுங்கண்ணா" என்றால், "இது உங்க கையா மாறட்டும், அப்பறம் பாத்துக்கலாம்" என்பார்.

இரண்டாவது, முழங்கை. இதற்குக் காரணம் கிரிக்கெட். எங்கள் தலைமுறை சிக்கண்ணா காலேஜ் மைதானத்திலும் சந்து பொந்துகளிலும் கற்றது ஒரே பாடம்: இடது முழங்கையைத் தூக்கு, மட்டையை நேராக வை, முகத்தைத் திருப்பாதே. பேட்டிங்குக்கு அது சரி. கோல்ஃபில் பந்தைத் தொடும் நேரத்தில் இடது முழங்கை மடங்கி வெளியே நீட்டிக்கொண்டால் கிளப்பின் முகம் மூடாமல் திறந்தே நிற்கும். அதற்கு 'சிக்கன் விங்' என்று ஒரு செல்லப் பெயர், கோழி இறக்கையேதான். இரண்டு முன்கைகளும் உருண்டு, கதவு சாத்துவதுபோல் முகம் மூட வேண்டும். நாற்பது வருடம் திறந்து வைத்துப் பழகிய கதவு. கபில்தேவ் ஓய்வுக்குப் பிறகு கோல்ஃபில் இறங்கி, 2024-ல் இந்தியத் தொழில்முறை கோல்ஃப் அமைப்பின் தலைவராகவே ஆகிவிட்டார். அவருக்கும் இந்த முழங்கைத் தொல்லை இருந்திருக்குமா என்று ஒருநாள் யோசித்துக்கொண்டிருந்தேன். அன்று மூன்று பந்து காணாமல் போனது.

ஆனால், டாக்டர் குடையைப் பாதியில் வாங்கி வைத்தது முழங்கைக்காக இல்லை; இடுப்புக்காக. வீச்சின் இறக்கத்தில் என் இடுப்பு சுழலுவதற்குப் பதிலாகப் பந்தை நோக்கி முன்னால் தள்ளுகிறது. அதனால் குனிந்திருந்த உடம்பு பாதியில் எழுந்துவிடுகிறது. கைகளுக்கு இடம் இல்லாமல் அவை வெளியே சுற்றி வருகின்றன. பாதை கோணலாவதும் இங்கே, கீழ் முதுகு நசுங்குவதும் இங்கே. பந்தின் வளைவும் என் வலியும் ஒரே நூலில் பிறந்தவை என்று பிசியோதெரபிஸ்ட் விளக்கியபோதுதான் முழுப் படமும் கிடைத்தது. "உங்க தொடைச் சந்து ரெண்டும் இறுகிப் போச்சு சார். முப்பது வருஷமா நாற்காலியிலயே இருக்கு. அது சுத்த வேண்டிய சுத்தையும் முதுகு சுத்துது" என்றார்.

டைகர் உட்ஸின் முதுகே அவருடைய வீச்சின் விலையைக் கொடுத்தது. பலமுறை அறுவை சிகிச்சை. 2017-ல் கீழ் முதுகு எலும்புகளையே இணைத்து வைத்தார்கள். அதன் பிறகு 2019-ல் மாஸ்டர்ஸ் பட்டம் வென்றார் என்பது வேறு கதை. அந்த உடம்புக்கே அப்படியென்றால், ஆறு நாள் கணக்கு நோட்டின் முன் உட்கார்ந்திருந்துவிட்டு ஏழாம் நாள் இடுப்பை வெட்டும் எனக்கு?

பயிற்சி எளிது. சுவருக்கு முதுகைக் காட்டி, பின்புறம் சுவரில் தொடும்படி குனிந்து நின்று, கிளப் இல்லாமல் வீச வேண்டும். ஏறும்போது வலது பின்புறம் சுவரில் தேய வேண்டும். இறங்கும்போது இடது பின்புறம். சுவரைவிட்டு விலகினால் இடுப்பு முன்னால் போய்விட்டது என்று அர்த்தம். தினமும் காலையில் மொட்டை மாடித் தண்ணீர்த்தொட்டிச் சுவரில் 50 முறை. முதல் வாரம் எதிர்வீட்டுப் பாட்டி, "கண்ணு, உங்கூட்டுக்காரருக்கு என்னாச்சு?" என்று வீட்டம்மாவிடம் விசாரித்திருக்கிறார். மாரியம்மன் கோயில் பூசாரியின் போன் நம்பரும் கிடைத்தது.

இதே பயிற்சியை ஒருநாள் மாலை கம்பெனியில், துணி ரோல் அடுக்கியிருக்கும் அறைச் சுவரில் செய்துகொண்டிருந்தேன். டீ நேரம். ஓவர்லாக் மெஷினில் இருக்கும் அக்கா ஒருவர், எங்களிடம் 15 வருடமாக இருப்பவர், வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்ணா பண்றீங்க?"

"இடுப்பு வலிக்குதுக்கா. அதுக்கு எக்சர்சைஸ்."

"எதனாலீங் வந்துச்சு?"

சொன்னேன். டீ கிளாஸைக் கையில் உருட்டிக்கொண்டே, "நீங்க விளையாண்டு வலிக்குதுங்றீங்க. எங்களுக்கு விளையாடாமயே வலிக்குதுங்ணா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கூட நின்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு புதன்கிழமை பிசியோதெரபிஸ்ட்டைக் கம்பெனிக்கு வரவழைத்தேன். சனிக்கிழமை என்றால் சம்பளம் வாங்கிக்கொண்டு ஓடும் அவசரம். யாரும் நிற்க மாட்டார்கள். தொடைச் சந்தை நீட்டும் பயிற்சிகள், கழுத்து, தோள். கைமடிக்கிற பிள்ளைகள்தான் முதலில் இறங்கினார்கள். பெரியவர்கள் வெட்கப்பட்டு மூன்றாவது நாளில் சேர்ந்தார்கள். இப்போது மாலை டீக்குப் பிறகு ஐந்து நிமிடம் நடக்கிறது. எல்லா நாளும் நடக்கிறது என்று சொன்னால் பொய். ஷிப்மென்ட் நெருக்கும் வாரத்தில் அந்த ஐந்து நிமிடம்தான் முதலில் காணாமல் போகும். "இதெல்லாம் சரிதான், ஸ்டூல்தான் பிரச்னை" என்று பிசியோதெரபிஸ்ட் போகும்போது சொல்லிவிட்டுப் போனார். முதுகு சாய முடியாத அந்த ஸ்டூல்களை மாற்ற ஆரம்பித்திருக்கிறோம். 40-ல் 16 வந்துவிட்டது. மீதியை எப்போது என்று அந்த அக்கா வாரம் ஒருமுறை கேட்கிறார்.

மைதானத்துக்கு வருவோம். இவ்வளவு செய்ததில் ஆட்டம் முன்னேறியிருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? முதல் இரண்டு மாதம் படுமோசம். 18 குழிக்கு 104, 105 அடி என்று இருந்தவன் 117-க்குப் போனேன். ஒரு பந்து தரையிலேயே உருண்டது. இன்னொன்றில் பந்துக்கு முன்னால் மண்ணைத் தோண்டினேன். உடம்பு பழைய பாதையை விட்டுவிட்டது, புதியது இன்னும் கிடைக்கவில்லை. நண்பர்கள், "உனக்கு அந்தப் பழைய ஸ்விங்கே தேவலாம்யா" என்றார்கள். அப்போது எனக்குத் தெம்பு கொடுத்ததும் உட்ஸ்தான். 1997-ல் மாஸ்டர்ஸில் 12 அடி வித்தியாசத்தில் ஜெயித்த கையோடு, தன் வீச்சைப் பிரித்துப்போட்டு மறுபடி கட்டினார். 1998 முழுவதும் அமெரிக்க பி.ஜி.ஏ. டூரில் ஒரே ஒரு வெற்றி. முடிந்துவிட்டது இவர் கதை என்று எழுதினார்கள். பிறகு 1999, 2000-ல் நடந்தது எல்லோருக்கும் தெரியும். என்னிடம் பிரித்துப்போட அவ்வளவு பெரிய வீடு இல்லை. ஓட்டு வீடுதான். அதையாவது முழுசாகப் பிரிக்கலாமே என்று தொடர்ந்தேன்.

எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியதில்லை என்பதும் அண்ணனிடம் கற்றதுதான். கிளப்பை ஏற்றும்போது உச்சியில் ஒரு சின்ன வட்டம் போடுவேன். வீடியோவில் பார்த்தால் எனக்கே கூச்சமாக இருக்கும். "அதையும் மாத்திரலாமாண்ணா?" என்றேன். "அது பந்தை ஒண்ணும் பண்ணலீங். இருந்துட்டுப் போகட்டும்" என்றார். அமெரிக்காவின் ஜிம் ஃபியூரிக்கின் வீச்சைப் பார்த்தால் அவர் சொல்வது புரியும். உச்சியில் கிளப் ஒரு சுற்றுச் சுற்றித்தான் கீழே இறங்கும். எந்தப் புத்தகத்திலும் இல்லாத வீச்சு. 2003-ல் யு.எஸ். ஓப்பன் பட்டம் அதில்தான் வந்தது, 2016-ல் பி.ஜி.ஏ. டூர் வரலாற்றில் முதன்முறையாக ஒரு சுற்றை 58 அடியில் முடித்ததும் அதே வீச்சில்தான். ஒடிசலான நம் அதிதி அசோக், டோக்கியோ ஒலிம்பிக்ஸில் தன்னைவிட வெகு தூரம் அடிப்பவர்களுக்கு நடுவே நின்று, ஒரே ஓர் அடியில் பதக்கத்தைத் தவறவிட்டு நான்காவதாக வந்தாரே, அதைப் பார்த்த பிறகுதான் எங்கள் கூட்டத்தில் சிலருக்குத் தூர மோகம் குறைந்தது. டையிங் யூனிட் நண்பருக்கு மட்டும் குறையவில்லை. அடுத்த டிரைவருக்கு விலை விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

ஐந்தாவது மாதம் போன வாரத்தோடு முடிந்தது. முதுகு பரவாயில்லை. காலையில் சாக்ஸ் போட உட்காரும்போது முன்பு வந்த சுளீர் இப்போது இல்லை. நீண்ட நேரம் கார் ஓட்டினால் மட்டும் எட்டிப் பார்க்கிறது. கணக்கு 101. சுவர் 50-லிருந்து 80 ஆகிவிட்டது; எதிர்வீட்டுப் பாட்டி இப்போது காலையில் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்துகொள்கிறார்.

போன ஞாயிறு டிரைவர் எடுத்தேன். இடுப்பு சுழன்றது, எனக்கே தெரிந்தது. முன்கைகள் உருண்டன. சத்தமே வேறு மாதிரி இருந்தது. பந்து நேராகக் கிளம்பியது. வலது பக்கத்து மரங்களை நோக்கி நான் பழக்கதோஷத்தில் கண்ணை ஓட்ட, பந்து அங்கே இல்லை. நேராகப் போய், பாதியில் ஏதோ ஞாபகம் வந்ததுபோல் மெல்ல இடது பக்கம் திரும்பி, எட்டு வருடத்தில் நான் ஒருமுறைகூடப் போயிராத புதருக்குள் விழுந்தது.

அண்ணனைப் பார்த்தேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

"இது வேற வியாதிங் சார். ஹூக்கு. கொஞ்சம் ஆடத் தெரிஞ்சவங்களுக்குத்தான் வரும். வாங்க, பந்தைத் தேடலாம்."